விலகிடலாம்னு முடிவு பண்ணின நாள்: டெஸ் லிண்டன் பாஸ்டனை ஜெயிச்ச கதை

இந்த வார எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு ஹாஃப் மாரத்தான் ஓடப் போனேன். 21 கிலோமீட்டர். பதிமூணாவது கிலோமீட்டர்ல விட்டுட்டேன். அடிபடல, மயக்கம் வரல. மழை பெஞ்சுச்சு, ஷூ நனைஞ்சுச்சு, ‘இன்னைக்கு நமக்கு நாள் சரியில்லை’ன்னு தோணுச்சு. அவ்வளவுதான். சட்டையில குத்தின நம்பரோட அப்படியே ஒரு ஆட்டோவுல ஏறிட்டேன். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, “முடிச்சாச்சா தம்பி?”ன்னு கேட்டார். “முடிச்சாச்சுண்ணே”ன்னு சொன்னேன்.

விட்டது கூடப் பரவாயில்லை. அந்தப் பொய்தான் ஒரு வாரம் உறுத்துச்சு. அப்போதான் டெஸ் லிண்டன் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அமெரிக்காவோட முன்னணி மாரத்தான் ஓட்டக்காரர்கள்ல ஒருத்தர். தன் வாழ்க்கையோட மிகப்பெரிய வெற்றி கிடைச்ச அன்னைக்கு, ஓட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்துலயே ‘நான் பாதியில விலகப் போறேன்’னு முடிவு பண்ணினவங்க. அப்புறம் எப்படி ஜெயிச்சாங்க? அதுதான் இன்னைக்குக் கதை.

நட்சத்திரம் இல்லாத ஆரம்பம்

டெஸ் பிறந்தது 1983-ல், கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டாவில். கல்யாணத்துக்கு முன்னாடி பேர் டெசிரே டாவிலா. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடினாங்க. நல்ல ஓட்டக்காரர்தான், ஆனா தேசிய சாம்பியன் எல்லாம் கிடையாது.

அமெரிக்காவுல இந்த இடத்துலதான் நிறைய பேரோட ஓட்டம் நின்னுபோகும். கல்லூரி முடிஞ்சதும் ஸ்காலர்ஷிப் முடிஞ்சுடும், கோச் இல்லை, வாடகை கட்டணும். பெரிய ஷூ கம்பெனிகள் சாம்பியன்களைத்தான் தேடி வரும். டெஸ் போனது மிச்சிகன் மாநிலத்துக்கு. அங்கே கெவின், கீத் ஹான்சன்னு ரெண்டு சகோதரர்கள், ஓட்டக்காரர்களுக்கான ஷூ கடை நடத்துறவங்க, ஒரு பயிற்சிக் குழு வெச்சிருந்தாங்க. சாம்பியன் ஆகாதவங்களைச் சேர்த்து, தங்க வீடு கொடுத்து, வருஷக்கணக்கா பொறுமையா பயிற்சி கொடுக்கிற குழு. கடையில வேலையும் உண்டு.

2007-ல் டெஸ் தன்னோட முதல் மாரத்தானை பாஸ்டனில் ஓடினாங்க. 2 மணி 44 நிமிடம். ‘இவங்க ஒருநாள் இதை ஜெயிப்பாங்க’ன்னு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டாங்க.

ஒரே ரோடு, ரெண்டு காற்று

இங்கே பாஸ்டன் மாரத்தான் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா இந்தக் கதையில காற்றும் ஒரு பாத்திரம். நிறைய மாரத்தான்கள் சுத்தி வந்து கிளம்பின இடத்துக்குப் பக்கத்துலயே முடியும். பாஸ்டன் அப்படி இல்லை. ஹாப்கின்டன்னு ஒரு சின்ன ஊர்ல கிளம்பி, கிழக்கே பார்த்து 42.195 கிலோமீட்டர் போய், பாஸ்டன் நகரத்தின் பாயில்ஸ்டன் தெருவுல முடியும். கிட்டத்தட்ட ஒரே திசை. அதனால அன்னைக்குக் காற்று முதுகுல அடிச்சா கடைசி வரைக்கும் தள்ளிவிடும். முகத்துல அடிச்சா கடைசி வரைக்கும் அடி வாங்கணும். இப்படி ஒரே திசையில போறதாலும், தொடங்குற இடம் முடியுற இடத்தை விட ரொம்ப உயரத்துல இருக்கிறதாலும், இங்கே எவ்வளவு வேகமா ஓடினாலும் உலக சாதனையா கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.

2011-ல் காற்று முதுகுல அடிச்சுது. அன்னைக்கு ஆண்கள் பிரிவுல ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அதுவரைக்கும் உலகத்துல யாரும் அவ்வளவு வேகமா மாரத்தான் ஓடினது இல்லை. ஆனா அது உலக சாதனை இல்லை. காரணம் இப்பதான் சொன்னேன்.

பெண்கள் பிரிவுல டெஸ். கடைசித் தெருவுல கென்யாவின் கரோலின் கிலெலும் டெஸ்ஸும் மாறி மாறி முன்னால வர்றாங்க. இவங்க தாண்ட, அவங்க தாண்ட, திரும்ப இவங்க தாண்ட. முடிவுல கிலெல் 2 மணி 22 நிமிடம் 36 விநாடி. டெஸ் 2 மணி 22 நிமிடம் 38 விநாடி.

ரெண்டே விநாடி. ‘ரெண்டு விநாடி’ன்னு நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள போயிடுற நேரம். அதுக்கு முன்னாடி பாஸ்டனில் எந்த அமெரிக்கப் பெண்ணும் அவ்வளவு வேகமா ஓடினது இல்லை. 1983-ல் ஜோன் பெனாய்ட் ஓடினது 2 மணி 22 நிமிடம் 43 விநாடி. அதையே தாண்டினாங்க. ஆனாலும் ரெண்டாவது இடம். டெஸ் தன் வாழ்க்கையில ஓடின மிக வேகமான மாரத்தானும் அதுதான்.

விட வேண்டிய நேரத்துல விட்டாங்க

அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக். அமெரிக்கத் தகுதிப் போட்டியில ரெண்டாவதா வந்து இடம் பிடிச்சாங்க. லண்டன்ல ஓட்டம் தொடங்கி நாலு கிலோமீட்டர் கூட ஆகல, விலகிட்டாங்க. தொடை எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எலும்பு ஒரே அடியில உடையாம, தொடர்ந்து சுமை தாங்கித் தாங்கி மெல்ல விரிசல் விடுறது. அதோட ஓடினா தொடை எலும்பு முழுசா உடைஞ்சு போகலாம்.

இதை நான் ஏன் சொல்றேன்னா, ‘எப்பவும் விடாதே’ன்னு சுவர்ல ஒட்டுற போஸ்டர் வாசகம் இவங்க கதை இல்லை. ஒலிம்பிக்கையே பாதியில விட்டவங்க இவங்க. உடம்பு ‘முடியாது’ன்னு சொல்றது வேற, மனசு ‘வேணாம்’னு சொல்றது வேற. அந்த வித்தியாசம் தெரியணும். நாலு வருஷம் கழிச்சு ரியோ ஒலிம்பிக்கில் 7-வது இடம். பாஸ்டனில் 2015-ல் நாலாவது, 2017-ல் திரும்பவும் நாலாவது. பக்கத்துலதான். ஆனா எட்டல.

2017-ல் இன்னொரு பிரச்சினை. காரணமே இல்லாம அசதி. பரிசோதிச்சா தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைஞ்சு போயிருந்தது. உடம்போட எஞ்சின் எவ்வளவு வேகத்துல ஓடணும்னு தீர்மானிக்கிற ஹார்மோன் அது. குறைஞ்சா எல்லாமே மந்தமாகும். குளிர் தாங்காது, இதயத் துடிப்பு குறையும், தூங்கினாலும் களைப்பு போகாது. நம்ம வீடுகள்ல அம்மாவோ அத்தையோ காலையில வெறும் வயித்துல போடுற தைராய்டு மாத்திரை ஞாபகம் வருதா? அதே பிரச்சினைதான். டெஸ்ஸுக்கு அது கடுமையான நிலையில இருந்தது. 2023-ல் வந்த ‘சூசிங் டு ரன்’ என்ற தன் புத்தகத்துலதான் இதை விரிவா வெளிய சொன்னாங்க. 2018 பாஸ்டனுக்கு அவங்க வந்தது, இதுல இருந்து மீண்டு வந்துட்டிருந்த நேரத்துல.

2018, ஏப்ரல் 16

அன்னைக்கு பாஸ்டனில் குளிர் 3, 4 டிகிரி செல்சியஸ். கொட்டுற மழை. காற்று இந்த முறை நேரா முகத்துல. வெப்பநிலையை விட மோசமானது நனைஞ்ச உடம்புல அடிக்கிற காற்று. தசை விறைக்கும், கை மரத்துப் போகும், தண்ணி பாட்டிலைக் கூடப் பிடிக்க முடியாது. பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் நடுங்கிக்கிட்டே வழியில ஒதுங்கினாங்க. டெஸ் மழைக்கோட்டைக் கழட்டாமலே ஓடிட்டிருந்தாங்க.

சில மைல்லயே அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு, உடம்பு ஒத்துழைக்கல. விலகலாம்னு முடிவு. ஆனா சும்மா விலகறதுக்குப் பதிலா, பக்கத்துல ஓடிட்டிருந்த ஷலேன் ஃபிளனகன்கிட்ட பேசினாங்க. ஃபிளனகன் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்துல வளர்ந்தவங்க. அஞ்சு மாசம் முன்னாடிதான் நியூயார்க் மாரத்தானை ஜெயிச்சிருந்தாங்க, 40 வருஷத்துல அதை ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பெண். பாஸ்டனை ஜெயிக்கணும்ங்கிறது அவங்க கனவு. அவங்ககிட்ட டெஸ் சொன்னதோட சாரம் இதுதான்: எனக்கு இன்னைக்கு முடியாது, அநேகமா விலகிடுவேன், அதுக்கு முன்னாடி உனக்குக் காற்றை மறைக்கணும்னா, வேற எதுவும் உதவி வேணும்னா சொல்லு.

பாதி தூரம் நெருங்கும்போது ஃபிளனகன் ஓரமா இருந்த தற்காலிகக் கழிப்பறைக்குள்ள ஓடினாங்க. 13, 14 விநாடி. டெஸ் வேகத்தைக் குறைச்சு அவங்களுக்காகக் காத்திருந்தாங்க. போட்டியாளருக்காக! வெளிய வந்ததும் முன்னால ஓடி, காற்றைத் தான் வாங்கிக்கிட்டு, ஃபிளனகனை முன்னணிக் கூட்டத்துகிட்ட கொண்டு போய்ச் சேர்த்தாங்க.

இங்கே ஒரு சின்ன இயற்பியல். பைக்ல போகும்போது முன்னாடி ஒரு லாரி போனா நமக்குக் காற்று குறையும் இல்லையா? ஓட்டத்துலயும் அதே கதை. எதிர்க்காற்றுல முன்னால ஓடுறவர் கூடுதல் சக்தி செலவழிப்பார், பின்னால ஒளிஞ்சு ஓடுறவர் மிச்சம் பிடிப்பார். அதனாலயே அன்னைக்கு முன்னணிக் கூட்டத்துல யாரும் முன்னால போகத் தயாரா இல்லை. எல்லாருமே மெதுவா ஓடினாங்க. டெஸ் காத்திருந்தும் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க முடிஞ்சதுக்கு அது ஒரு காரணம்.

அடுத்து இன்னொரு அமெரிக்கர், மாலி ஹடில். அவங்களுக்கும் காற்றை மறைச்சு உதவலாம்னு முன்னால போனாங்க. போய்ச் சேர்ந்து பார்த்தா, தான் மூணாவது, நாலாவது இடத்துல இருக்கிறது தெரியுது. விலகறேன்னு சொன்னவங்க! இனி எங்கே விலகறது?

முன்னால தனியா போயிட்டிருந்தது எத்தியோப்பியாவின் மாமிது டஸ்கா. நியூட்டன் மேடுகளைத் தாண்டி, 35-வது கிலோமீட்டர் பக்கம் டெஸ் அவங்களைக் கடந்தாங்க. அதுக்கப்புறம் ரோட்டுல டெஸ்ஸும் மழையும் மட்டும்தான். 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. 33 வருஷத்துக்குப் பிறகு பாஸ்டனை ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பெண். ரெண்டாவது வந்தவர் நாலு நிமிஷத்துக்கும் மேல பின்னால. அவங்க சாரா செல்லர்ஸ், அப்போ மருத்துவமனையில முழுநேர வேலை பார்த்துட்டிருந்த, மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ். அவங்க வாழ்க்கையில அது ரெண்டாவது மாரத்தான் மட்டுமே.

இப்போ இந்த ரெண்டு எண்களைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2011-ல் 2:22:38, தோல்வி. 2018-ல் 2:39:54, வெற்றி. 17 நிமிஷம் மெதுவா ஓடி ஜெயிச்சிருக்காங்க. அதே ரோடு, அதே ஆள், காற்று மட்டும் எதிர்ப்பக்கம்.

எனக்குப் புரிஞ்சது

‘மனவலிமையால ஜெயிச்சாங்க’ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். எனக்கு அப்படித் தோணல. விலகணும்ங்கிற எண்ணத்தோட அவங்க சண்டை போடல. தள்ளி மட்டும் வெச்சாங்க. ‘இவளுக்கு ஒரு உதவி, அப்புறம் விலகலாம். இன்னொருத்திக்கு ஒரு உதவி, அப்புறம் விலகலாம்.’ அந்த நேரம் முழுக்க அவங்க கவனம் தன்னோட வலி மேல இல்லை, அடுத்தவங்க தேவை மேல இருந்தது. அதுக்குள்ள உடம்பு சூடாகி வழிக்கு வந்துடுச்சு. மத்தவங்க ஒவ்வொருத்தரா தளர்ந்துட்டாங்க.

கதை அங்கே முடியல. 2020 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில நாலாவது. மூணு பேருக்குத்தான் இடம், 11 விநாடியில போச்சு. 2021-ல் 50 கிலோமீட்டரை 2 மணி 59 நிமிடம் 54 விநாடியில் ஓடினாங்க. அந்தத் தூரத்தை மூணு மணி நேரத்துக்குள்ள ஓடின முதல் பெண். 2025 ஏப்ரல்ல, 41 வயசுல, பாஸ்டனில் தொழில்முறை மாரத்தானுக்கு விடை கொடுத்தாங்க. அன்னைக்கு 2 மணி 26 நிமிடம் 19 விநாடி. 14 வருஷத்துக்கு முன்னாடி ஓடின தன் சிறந்த நேரத்தை விட நாலு நிமிஷம் கூட அதிகமில்லை.

என் கதைக்கு வர்றேன். நான் விட்ட அந்தப் பதிமூணாவது கிலோமீட்டர்ல, எனக்கு முன்னாடி ஒரு அக்கா நொண்டி நொண்டி நடந்து போயிட்டிருந்தாங்க. அவங்களைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். அவங்ககூட ஒரு கிலோமீட்டர் பேசிக்கிட்டே நடந்திருக்கலாம். அதுக்கப்புறம் விட்டிருந்தாலும், “முடிச்சாச்சா தம்பி?”ன்னு கேட்டவர்கிட்ட “இல்லைண்ணே”ன்னு நேராவே சொல்லியிருப்பேன்.

அடுத்த மாசம் திரும்பப் பேர் கொடுத்திருக்கேன். முடிப்பேனான்னு தெரியல. என்ன ஆச்சுன்னு உண்மையை மட்டும் வந்து சொல்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.