லாச்சிக்குள் ஒரு சூரியன்

வளவில் வாழும் சாரைப்பாம்பு காலை வெயிலில் உடலைக் காய்ச்சிக்கொண்டு, சூடேறியதும் நிழலுக்கு ஊர்ந்துவிடுகிறது. தன் உடலுக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்க அதனால் இயலாது.

இங்கிலாந்து போன்ற குளிர் தேசங்களில் பாம்பு வளர்ப்போர், அவற்றை அலுமாரி லாச்சிகளைப் போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து அடுக்குகிறார்கள். அங்கே சூரியனுடைய வேலையைச் செய்வது, பெட்டியின் ஒரு முனையில் அடியில் ஓடும் மின்சார வெப்பநாடா. மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்புக்குச் சூடான முனையில் சுமார் 31 பாகை சென்ரிகிரேட்டும், மறுமுனையில் 25, 26 பாகையும் வேண்டும். அடி முழுவதும் கொதித்தால் ஒதுங்க இடமில்லை. சூடு குறைந்தாலோ, விழுங்கிய இரை செரியாமல் வெளியே வந்துவிடும்.

உஷ்ணத்தை ஓர் அளவில் நிறுத்துவது தெர்மோஸ்டாட் என்னும் கருவி. நம் இஸ்திரிப்பெட்டியிலும் இருப்பதுதான். ஆபத்து அதன் உணர்முனையில் இருக்கிறது. நாடாவின்மேல் ஒட்டிய முனை கழன்று விழுந்தால், கருவி அறையின் குளிர்காற்றையே அளந்து, ஓயாமல் மின்சாரத்தை விட்டுக்கொண்டிருக்கும். பாம்பு விலகிக்கொள்ளும் என்று நம்புவதற்கில்லை. வயிறு வெந்து கொப்புளித்த பின்னரும் அங்கேயே சுருண்டு கிடப்பதுண்டு. வீடு தீப்பற்றவும் கூடும்.

ஆகையால் உணர்முனையை அசையாதபடி பொருத்தி, சற்று உயர்ந்த பாகையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது கருவியையும் இணைத்தல் வேண்டும். அனல் மேலெழுவதால் மேல் லாச்சிகள் கூடுதலாகச் சூடேறும். அங்கும் தனி உஷ்ணமானி அவசியம். கையால் தொட்டு அறிய முயல்வது வீண். பாம்புக்கு மிஞ்சிய 36 பாகை நம் கைக்கு இதமாகவே தோன்றும்.