பந்தயத் தடத்துக் காருக்கு எந்த எண்ணெய்?

எஞ்சின் எண்ணெயின் கிரேடை வெளிவெயிலைப் பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் தாமிரபரணிக் கரையூர்களில் பரவலாக உண்டு. சித்திரையிலும் வைகாசியிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் பாளையங்கோட்டை போன்ற ஊரில் கெட்டியான ஆயிலை ஊற்றுவதே எஞ்சினுக்குக் காப்பு என்று கருதப்படுவதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆயினும் எஞ்சினுக்குள் எண்ணெய் அனுபவிக்கும் வெப்பத்தில் வெளிவெயிலின் பங்கு மிகச் சிறியது. திருநெல்வேலிச் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தை மெல்லக் கடக்கும் காரின் அடித்தொட்டியில், அதாவது மெக்கானிக்குகள் சம்ப் என்று சொல்லும் பகுதியில், எண்ணெய் பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரிக்குள் நிற்கிறது. அதே கார் பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டப்பட்டால் 120, 130 என ஏறி, சில வண்டிகளில் 140 டிகிரியையும் எட்டிவிடுகிறது. எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வெப்பத்தை வைத்துத்தான்.

கார்ப் பந்தய ஆர்வம் கொண்ட நெல்லைக்காரர் ஒருவர் தம் வண்டியைத் தடத்தில் ஓட்டிப்பார்க்க ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பயணம் செய்து கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் செல்ல வேண்டும், அல்லது ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கடந்து சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையை அடைய வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் திறந்த நிரந்தரத் தடம் அது. செட்டிபாளையத் தடம் எஸ். கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய அவர், கடைத்தெருவுக்குப் போய்வருவதற்கென வடிக்கப்பட்ட சிறு எஞ்சினும் பந்தயச் சுமையைத் தாங்கும் என்று காட்டியவர். பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாரெய்ன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிய பந்தயக் கார்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய எஞ்சினைத் தாங்கவைப்பதில் எண்ணெய்க்குரிய இடம் பெரிது.

எண்ணெயின் தலையாய பண்பு அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. சூடு ஏற ஏறப் பாகுநிலை குறைவதால் அப்படலமும் மெலிகிறது. டப்பாவில் 15டபிள்யூ-40 என்று அச்சிடப்பட்டிருக்கும்போது, பின்னால் வரும் 40 என்பது 100 டிகிரியில் அளந்த பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலான வரம்பில் அமைவதைக் குறிக்கிறது. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. இந்த எண்கள் யாவும் 100 டிகிரிக்கு உரியவை என்பதை மறந்துவிடுவதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன. 130 டிகிரியில் ஒரு 40 எண்ணெய் ஏறத்தாழப் பாதியாக இளகிவிடும். ஒரு 50 எண்ணெயோ, 100 டிகிரியில் 30 எண்ணெய் இருக்கும் நிலைக்கு அருகே வந்து நிற்கும். ஆகவே தடத்தில் 50 ஊற்றுபவர் எஞ்சினுக்குக் கூடுதல் கெட்டித்தன்மை எதையும் தருவதில்லை, சூடு பறித்துக்கொண்டதை ஈடுகட்ட மட்டுமே செய்கிறார். எண்ணெய் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டாத வண்டிக்கு அதே 50 தேவையற்ற சுமையாகிறது: உள் உராய்வு மிகுந்து எஞ்சினின் ஆற்றலைத் தின்பதோடு, அந்த உராய்வே வெப்பமாகவும் மாறுகிறது.

முன்னால் நிற்கும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 15டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும், 0டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்று சோதிக்கப்படுகின்றன. மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் தாமிரபரணிச் சமவெளியில் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. அது மட்டுமன்று, இரு எண்களுக்கும் இடையிலான தொலைவு கூடும்போது, சூட்டிலும் பாகுநிலையைத் தாங்கிப்பிடிக்கும் பாலிமர்கள் பொதுவாக அதிகமாகச் சேர்க்கப்படுகின்றன. நீண்ட சங்கிலிகளான அந்த மூலக்கூறுகள் பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அறுபட, 50 என்று ஊற்றப்பட்ட எண்ணெய் சில நாள் தடஓட்டத்திலேயே 40 ஆகிவிடக்கூடும். உயர்தரச் செயற்கை எண்ணெய்கள் குறைந்த பாலிமரைக் கொண்டே அகன்ற இடைவெளியை எட்டுகின்றன என்பதும் உண்மையே. எனினும் தென்மாவட்டத்து ஓட்டுநருக்கு 0டபிள்யூ-40க்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, நல்ல அடிப்படை எண்ணெயில் செய்த 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-50 பொருத்தமானது என்றே கொள்ள இடமிருக்கிறது; அந்தக் கிரேடுகளைத் தயாரிப்பாளர் கையேடு அந்த எஞ்சினுக்கு அனுமதித்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

டப்பாவின் முகப்பில் காணக்கிடைக்காத ஓர் அளவே தடஓட்டத்துக்கு மிகவும் தேவையானது: 150 டிகிரியில், பேரிங்குக்குள் நிகழ்வது போன்ற கடும் நெரிப்பில் அளக்கப்படும் பாகுநிலை. இன்றைய எரிபொருள் சிக்கனக் கார்களுக்கான 20 கிரேடுக்கு இது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-விநாடி இருந்தால் போதும், 10டபிள்யூ-40க்கு 3.5, 50க்கு 3.7 கட்டாயம். ஏசிஇஏ ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருந்தால் இந்த அளவு 3.5க்குக் குறையாது என்று நம்பலாம். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் ஆவியாதல் விழுக்காட்டையும் பார்ப்பது நல்லது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு எண்ணெய் ஆவியாகிறது என்று அளக்கும் இச்சோதனையில் குறைந்த எண் பெறுவதே தடத்தில் மட்டம் குறையாமல் நிற்கும்.

செயற்கை எண்ணெய்கள் வருமுன் பந்தய எஞ்சின்களைக் காத்தது ஆமணக்கு. கரிசல் நிலத்தில் பருத்திக் காட்டின் வரப்போரம் வளரும் அதே செடியின் விளக்கெண்ணெய்தான் முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களில் ஊற்றப்பட்டது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் ஆமணக்கெண்ணெய் சேர்த்த தன் மசகுக்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டதும் அச்செடியின் ஆங்கிலப் பெயரை ஒட்டியே. அதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அம்மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்வதால், படலம் மெலிந்த நிலையிலும் பூச்சு நீங்குவதில்லை. மாட்டுவண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவிய உழவர்கள் வேதியியல் பெயர் தெரியாமலே கையாண்டது இந்தப் பண்பைத்தான். ஆனால் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகப் படிவது அதன் குறை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பின் எஞ்சினைக் கழற்றித் துடைக்கும் வழக்கம் இருந்த காலத்துக்கு ஏற்ற அது, இன்றைய காரில் ஊற்றத்தக்கதன்று. உலோகத்தைப் பற்றும் அதே குணத்தை இன்று எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய்கள் பிசினின்றித் தருகின்றன.

எவ்வளவு நல்ல எண்ணெயானாலும் சூட்டைத் தடுக்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. ஆகவே 130ஐத் தாண்டும் வண்டிக்கு 60 கிரேடைத் தேடுவதைவிட ஆயில் கூலர் பொருத்துவதே தக்க வழி. அதற்கும் முன்னதாக எண்ணெய் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டும் மானிகள் வேண்டும், ஏனெனில் சாதாரணக் கார்களின் முகப்பில் உள்ள மானி குளிர்நீரின் வெப்பத்தையே காட்டுகிறது, எண்ணெயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபுறமாகச் சாய்ந்து பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும்போது அழுத்தமானியின் முள் நொடிப்பொழுது சரியும்; அந்தச் சரிவுக்கு எந்தக் கிரேடும் மருந்தன்று, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளே மருந்து. டர்போ பொருத்திய காரைச் சூட்டோடு அணைத்தால் அதன் தண்டில் நின்றுபோன எண்ணெய் கரியாக இறுகும் என்பதால், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுவது வழக்கமாகியிருக்கிறது.

தடத்தில் ஓடிய எண்ணெய்க்குக் கிலோமீட்டர்க் கணக்கு பொருந்தாது. ஓடிய மணிநேரத்தையும் எட்டிய உச்ச வெப்பத்தையும் குறித்துவைத்து அதற்கேற்ப மாற்ற வேண்டும். சூடு முழுதும் ஆறுமுன் வடிக்கப்பட்ட எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதும், கழற்றிய ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பதும் சில நிமிட வேலைகளே. மடிப்புகளுக்கிடையே செம்பு நிறத் துகள்கள் மின்னினால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்புக் கலவை வெளிப்படுகிறது என்று பொருள். அந்த வண்டியை 350 கிலோமீட்டர் ஓட்டி நெல்லைக்குக் கொண்டுவராமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே எஞ்சினைக் காக்கும்.