கலப்பு வேறு, கலப்படம் வேறு: ஒயின் லேபிளுக்குப் பின்னால் ஒரு விவசாயப் பிரச்னை

புது தில்லி: மகாராஷ்டிரத்தில் 1,000 சதுர அடி பரப்புள்ள பேரங்காடிகளில் ஒயின் விற்க அனுமதிப்பதென 2022 ஜனவரியில் அம்மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. திராட்சை விவசாயிகளின் நலனுக்காகவே இந்த முடிவு என்றது அரசு. மாநிலத்தை மதுவில் மூழ்கடிக்கும் முயற்சி என்றது அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக. சமூக சேவகர் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்து, பின்னர் அதை ஒத்திவைத்தார். அமைச்சரவையின் முடிவு நடைமுறைக்கு வரவே இல்லை.

மதுவிலக்கா, விவசாயி நலனா என்று நடந்த அந்த வாதத்தில் அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. புட்டிக்குள் இருப்பது எந்தத் திராட்சை, எந்த ஊர்த் திராட்சை என்பதே அது. விவசாயிக்குக் கிடைக்கும் பலனை நிர்ணயிப்பது இந்தக் கேள்விக்கான விடைதான்.

ஒற்றை ரகம் என்பது என்ன?

ஒயின்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே ரகத் திராட்சையின் பெயரால் விற்கப்படுவது ஒற்றை ரக ஒயின். பல ரகங்களின் சாற்றைத் தனித்தனியே புளிக்கவைத்து, பின்னர் குறிப்பிட்ட அளவில் சேர்ப்பது கலப்பு ஒயின். ஒற்றை ரகம் உயர்ந்தது, கலப்பு மட்டமானது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது சரியல்ல.

உலகப் புகழ்பெற்ற பிரான்ஸின் போர்தோ சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் கலப்பு ஒயின்களே. அங்கே கபர்னே சாவிஞான், மெர்லோ, கபர்னே ஃபிரான் ஆகிய ரகங்கள் முக்கியமானவை. மெர்லோ முன்னதாகவே பழுத்துவிடும். கபர்னே சாவிஞான் தாமதமாகப் பழுக்கும். அட்லாண்டிக் கடற்காற்றும் மழையும் ஒரு ரகத்தைக் கெடுத்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். அதாவது கலப்பு என்பது சுவைக்கான உத்தி மட்டுமல்ல. பருவநிலையிலிருந்து விவசாயி தேடிக்கொண்ட பாதுகாப்பும்கூட. ரோன் பள்ளத்தாக்கின் ஷாத்தோநெஃப்-து-பாப் பகுதிக்கு 1936-ல் வகுக்கப்பட்ட விதிகள் 13 ரகங்களைப் பயன்படுத்த இடமளித்தன.

இதற்கு நேர்மாறானது அதே நாட்டின் பர்கண்டி. அங்கே சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டொனே என்று பெரும்பாலும் ஒற்றை ரகமே ஆட்சி செய்கிறது. ஆனால் லேபிளில் முதன்மையாக இடம்பெறுவது ரகத்தின் பெயரல்ல, ஊரின் பெயர்.

ரகத்தின் பெயரை முன்னிறுத்தி விற்கும் முறையைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கும் ஒற்றை ரகம் என்றால் நூற்றுக்கு நூறு என்று பொருளில்லை. லேபிளில் ஒரு ரகத்தின் பெயரைப் போட, அமெரிக்க மத்திய அரசின் பொது விதிப்படி 75 சதவீதம் அந்த ரகம் இருந்தால் போதும். ஐரோப்பிய யூனியனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது 85 சதவீதம். எஞ்சியது வேறு ரகமாக இருக்கலாம். ஒற்றை ரகங்களின் அரசனாகக் கருதப்படும் கபர்னே சாவிஞானே, கபர்னே ஃபிரானும் சாவிஞான் பிளாங்கும் இயற்கையாகக் கலந்து பிறந்த ரகம் என்பதை 1997-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை மூலம் நிறுவினர்.

நாசிக்கின் நிலைமை

இந்தியாவில் ஒயின் உற்பத்தியின் மையம் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டம். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கும். இங்கே உறக்கம் இல்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். அறுவடைக் காலம் நீள நீள வெயில் ஏறும். பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். ஒரு ரகத்தில் உள்ள குறையை மற்றொரு ரகத்தால் ஈடுகட்டுவது இங்கும் பயன்தரும் முறையே. கபர்னே, ஷிராஸ் இரண்டும் கலந்த ஒயின் இந்தியத் தயாரிப்பாளர்களிடம் பரவலாக இருப்பது இதனால்தான்.

ஆனால் எந்த ரகம் விலைபோகும் என்பது விவசாயிக்கு வாழ்வாதாரப் பிரச்னை. ஒயின் ரகங்கள் சிறிய பழமும் தடித்த தோலும் விதையும் கொண்டவை. சாப்பிடும் திராட்சையாகச் சந்தையில் விலைபோகாதவை. நட்ட கொடி பலன்தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வாங்குவதாகச் சொன்ன ஆலை கைவிரித்தால் மாற்றுவழி கிடையாது. 2001-ல் மகாராஷ்டிர அரசு அறிவித்த திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கையை நம்பி ஏராளமானோர் ஒயின் ரகங்களை நட்டனர். 2008-ன் உலகப் பொருளாதார நெருக்கடியும் அவ்வாண்டு நவம்பரில் நடந்த மும்பை தாக்குதலும் சந்தையைச் சரித்தபோது, வாங்க ஆளின்றிக் கொடிகளைப் பிடுங்கி எறிந்த விவசாயிகள் உண்டு.

எது கலப்படம்?

இங்குதான் கலப்புக்கும் கலப்படத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. நாசிக்கில் விளைந்த இரு ரகங்களைச் சேர்ப்பது கலப்பு. அதனால் இரு ரக விவசாயிகளுக்கும் பயன் உண்டு. வெளிநாட்டிலிருந்து பெரும் கொள்கலன்களில் மலிவாக வரவழைத்த ஒயினை உள்நாட்டு ஒயினில் சேர்ப்பது வேறு விஷயம். அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது வணிகம். சொல்லாமல் விற்றால், பணம் கொடுத்து வாங்குபவரும் கொடியை வளர்த்தவரும் ஒருசேர ஏமாற்றப்படுகிறார்கள். ரகங்களின் கலப்பு சுவையைப் பற்றியது. மூலத்தின் கலப்பு நேர்மையைப் பற்றியது.

சட்டத்தின் நிலை சிக்கலானது. மதுவின் உற்பத்தி, விற்பனை, கலால் வரி ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. சுங்க வரியும் வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்களும் மத்திய அரசின் கையில். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மதுபானங்களுக்காக 2018-ல் வகுத்து, 2019 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த தர விதிகள் நாடு முழுமைக்கும் பொதுவானவை. விதி மத்திய அரசுடையது. விற்பனைக் களத்தைக் கண்காணிப்பதோ பெரும்பாலும் மாநில அதிகாரிகள்.

இறக்குமதியும் எளிதாகி வருகிறது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்திய - ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தப்படி, புட்டி ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 5 டாலர் விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு 150 சதவீதமாக இருந்த சுங்க வரி 100 சதவீதமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் 50 சதவீதமாகும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு அது 75 சதவீதத்தில் தொடங்கி 25 சதவீதத்தில் முடியும். மலிவான ஒயின் வெள்ளமாக வராமல் இந்த விலை வரம்பு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டு ஒயினின் வரவு பெருகப் பெருக, மூலம் பற்றிய லேபிள் விதியின் தேவையும் பெருகும்.

மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு கூறுகிறது. அதை மீறி ஒயினுக்கு மட்டும் சலுகை காட்டும் அரசுகள் முன்வைக்கும் ஒரே நியாயம் விவசாயி. ஒயின் விற்பனையில் வசூலான 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவீதத்தைத் தயாரிப்பாளர்களுக்குத் திருப்பித் தரும் திட்டத்தை மகாராஷ்டிரம் செயல்படுத்தியதும் அந்த நியாயத்தின் பேரில்தான். அது மக்கள் பணம். அந்தச் சலுகை பெறும் ஒவ்வொரு புட்டியிலும் எந்த ரகம் எத்தனை சதவீதம், எந்த மாவட்டத்தில் விளைந்தது என்ற இரண்டு வரிகளைக் கட்டாயமாக்குவது பெரிய செலவல்ல. அந்த இரண்டு வரிகள் இல்லாதவரை, விவசாயியின் பெயரால் தரப்படும் சலுகை விவசாயியைத்தான் சென்றடைகிறதா என்பதை மதுவை ஆதரிப்பவராலும் சரிபார்க்க முடியாது, எதிர்ப்பவராலும் முடியாது.