மூஞ்சி இல்லாத இன்ஜினுக்கு எப்படி உயிர் வரும்?

பொம்மைகளும் வீட்டுச் சாமான்களும் உயிர் பெற்றுப் பேசும் குழந்தைக் கதைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். குன்னூர் ஸ்டேஷனில் என் மகள் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவளுக்கு ஆறு வயசு. தாமஸ் ரயில் கார்ட்டூன் ரொம்பப் பிடிக்கும். அதில் 2016-இல் வந்த 'தி கிரேட் ரேஸ்' படத்தில் ஆஷிமா என்று ஒரு இந்திய இன்ஜின் வரும். நம்ம நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினை மாதிரியாக வைத்து உருவாக்கியது அது. "வா, நிஜ ஆஷிமாவைக் காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனேன். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்கு மூஞ்சியே இல்லையேப்பா?" என்றாள். அழாத குறைதான்.

நான் மழுப்பவில்லை. அந்த இன்ஜின் செய்யும் வேலையைச் சொன்னேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும்போது இது ரயிலுக்கு முன்னால் நிற்காது. பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏறுகிற செங்குத்து. சக்கரம் வழுக்காமல் இருக்க, நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ளும். முன்னால் இருக்கும் பாதை டிரைவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்ட, அது கைமாறிக் கைமாறிப் பின்னால் வரும்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்: "முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாம தள்ளுதே, அதுக்குப் பயமா இருக்காதா?"

பார்த்தீங்களா? அந்த நிமிஷம் இன்ஜினுக்கு உயிர் வந்துவிட்டது. மூஞ்சி வரைய வேண்டியிருக்கவில்லை.

நல்ல கதைகள் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. தாமஸ் கதைகளை எழுதியவர் ஆட்ரி என்ற பாதிரியார். அம்மை கண்டு படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகள், 1945-இல் புத்தகமாக வரத் தொடங்கின. ரயில் பாதையில் நிஜமாக நடக்கக்கூடியதுதான் கதையில் வரணும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1838-இல் ஆண்டர்சன் எழுதிய தகர சிப்பாய்க்கு ஒரே கால்தான். ஏன்? கடைசியாக வார்த்த சிப்பாய்க்குத் தகரம் பற்றவில்லை. அது செய்யப்பட்ட விதமே அதன் துயரம்.

நம்மிடமும் பேசும் பொருள்கள் உண்டு. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் 32 பதுமைகளும் கதை சொல்லும். ஆனால் அவை சொல்வது ராஜாவின் பெருமையை. தங்கள் கதையை அல்ல. ஆயுத பூஜை அன்று அரிவாளுக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறோம். மறுநாள் அவற்றின் கதையை யாராவது பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

அன்று சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டில், என் அம்மா கொழுந்து பறித்த கூடை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கும் கதை இருக்கா?" என்றாள் மகள். மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்றேன். இதன் வேலை என்ன? இதால் முடியாதது என்ன? இது யாருக்காகக் காத்திருக்கு?

காலையில் காலியாகப் போகும், சாயங்காலம் கனத்து வரும். எப்போதும் பாட்டியின் முதுகில்தான். அதனால் கடந்து வந்த வழி மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"அப்போ கொழுந்து பறிக்கும்போது பாட்டி மூஞ்சியை அது பார்த்ததே இல்லையா?"

அம்மா சிரித்தார். பிறகு கூடையை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷ வேலையைப் பற்றி எங்களிடம் முதல்முறையாகப் பேசத் தொடங்கினார். அன்று நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சாமானை எடுத்து, இந்த மூன்று கேள்வியைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.