வேலைக்குப் போகும் அம்மா மீது பழியா? மூளை ரசாயனம் சொல்லும் பதில்!

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் ஷூ கம்பெனிகளில் பெண்களின் உழைப்பு அதிகம். கைக்குழந்தையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு, காலையில் கம்பெனி பஸ் ஏறும் அம்மாக்களும் இருக்கிறார்கள். 'பச்சைப் புள்ளைய விட்டுட்டுப் போறியே, அது மனசு என்னாகும்?' என்று கேட்க ஊரில் ஆள் இல்லாமலா போகும்?

சிறுவயது நெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நரம்பியல் விஞ்ஞானி விதிதா வைத்யா. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, 2000-ல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தவர். 2015-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 2022-ல் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றார்.

எலிகள் சொன்ன கதை

நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று செரட்டோனின். மனநிலை, தூக்கம், பசி எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இது சாவி என்றால், நரம்பு செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகள்தான் பூட்டு.

விதிதாவின் குழு, எலிக்குட்டிகளைப் பிறந்த 2-ம் நாள் முதல் 14-ம் நாள் வரை தினமும் 3 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்தது. வளர்ந்த பிறகு அந்த எலிகளிடம் பதற்றம் கூடுதலாக இருந்தது. அவற்றின் மூளையில் ஒருவகை செரட்டோனின் ஏற்பியின் செயல்பாடும் மாறியிருந்தது. பிரித்து வைத்த நாள்களிலேயே அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, பின்னாளில் பதற்றம் வரவில்லை. 2011-ல் வெளியான முடிவு இது.

2020-ல் இன்னொரு ஆய்வு வெளியானது. இதில் சுண்டெலிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கவே இல்லை. அதே 2 முதல் 14 நாள் வயதில் மூளையின் சில நரம்பு செல்களை மட்டும் செயற்கையாகத் தூண்டினார்கள். அவையும் வளர்ந்த பின் பதற்றத்தைக் காட்டின. இதே தூண்டுதலை வளர்ந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அந்த விளைவு இல்லை. பிஞ்சு மூளைக்கு என்று ஒரு தனிப் பருவம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் அம்மா வேலைக்குப் போவது தப்பா?

இல்லை. கண்கூடத் திறக்காத எலிக்குட்டிக்குப் பாலும் பராமரிப்பும் தாய் ஒருத்தியிடம்தான். மனிதக் குழந்தைக்கு அப்பா, பாட்டி, அத்தை என்று பல மடிகள் உண்டு. இதற்கு ருமேனியா நல்ல சாட்சி. அங்கே அனாதை விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்து 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், விடுதியிலேயே தொடர்ந்தவர்களைவிட மனநலத்திலும் அறிவு வளர்ச்சியிலும் முன்னேறினார்கள். அவர்களை வளர்த்தது பெற்ற தாய் அல்ல. பாசமுள்ள ஒரு பெரியவர். எவ்வளவு சீக்கிரம் அந்தப் பாசம் கிடைத்ததோ, அவ்வளவு நல்லது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'அம்மா எங்கே போனாள்?' என்பதல்ல, 'அவள் வரும்வரை குழந்தை யார் கையில்?' என்பதுதான். இதில் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அம்மா தினமும் 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்கிறது சட்டம்.

மாறும் மூளை

மூளை கல்லில் செதுக்கிய எழுத்தும் அல்ல. செரட்டோனின், நரம்பு செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருகச் செய்கிறது. நெருக்கடியில் அந்த செல் தாக்குப்பிடிக்கவும் உதவுகிறது என்று 2019-ல் விதிதாவும் அவரது சகாக்களும் கண்டறிந்தார்கள்.

அதற்காக, 'செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இவை விலங்கு ஆய்வுகள் என்பதையும் மறக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

பேரணாம்பட்டுக்காரர்களுக்கு உதவி தூரத்தில் இல்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அதன் வழக்கம். வீட்டிலிருந்தே பேச, மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற இலவச எண்ணில், தமிழிலும், 24 மணி நேரமும் கிடைக்கிறது. தூக்கம் கெட்டு, பதற்றமோ அழுகையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் அழையுங்கள். அது குழந்தைக்கும் சேர்த்துச் செய்யும் நல்லது!