எதிர்க்கட்சி எது? கேமரன் மலையில் ஒரு சொல்லின் பொருள்

கட்சிப் பெயர்கள் மாறாதிருக்க, அவற்றைச் சுட்டும் பொதுச் சொற்களின் பொருள் மாறுவதைக் கேமரன் மலையில் நாம் தெளிவாகக் காண்கிறோம். அங்குத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் 'அரசாங்கம்' என்றால் தேசிய முன்னணி. 'எதிர்க்கட்சி' என்றால் ஜனநாயக செயல் கட்சி. 2018 மே 9 பொதுத்தேர்தலில் கூட்டரசின் ஆட்சி கைமாறிற்று. பகாங் மாநில ஆட்சியோ தேசிய முன்னணியிடமே நின்றது. ஆகவே, ரிங்லெட் வாக்காளர் இவ்விரண்டில் எதனை ஆதரித்தாலும், ஒரு கணக்கில் ஆளுங்கட்சிக்கும் மறு கணக்கில் எதிர்க்கட்சிக்கும் வாக்களித்தவரானார்.

அத்தேர்தலில் இத்தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர் 597 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டதாகக் கண்ட தேர்தல் நீதிமன்றம், நவம்பர் 30-இல் அவ்வெற்றி செல்லாதெனத் தீர்ப்பளித்தது. இத்தகைய பணம் எங்கும் கொடுப்பவர் வாயில் 'உதவி', சிலவேளை 'வழிச்செலவு'. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தில் அதன் பெயர் கையூட்டு. வாங்குபவரின் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டவர் மிகச் சிலரே என்பது நம் ஐயம்.

2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் பெரும்பான்மையில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினரானார். அவர் சார்ந்த அணி அப்போது கோலாலம்பூரில் எதிர்க்கட்சி, குவாந்தானில் அரசாங்கம்.