ஆன்டிபாடி வந்து சேரும் நாள்

கொரோனா வைரஸ் உடலுக்குள் நுழைந்த மறுநாளே ஆன்டிபாடி சுரந்துவிடுவதில்லை. ஆன்டிபாடி சுரக்கும் கோடிக்கணக்கான பி செல்களில் அந்த வைரஸின் புரதத்தோடு பொருந்துபவை மிகச் சில. அவற்றை உடல் கண்டெடுக்க வேண்டும். அவை பலமுறை பிரிந்து பெருக வேண்டும். அதன் பிறகே சுரப்பு. 2020இல் சீனாவின் சோங்சிங் நகரில் மருத்துவமனை நோயாளிகள் 285 பேரை ஆராய்ந்தார்கள். அறிகுறி தோன்றி 19 நாட்களுக்குள் எல்லோர் ரத்தத்திலும் ஐஜிஜி ஆன்டிபாடி தென்பட்டது. ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகை முதலில், ஐஜிஜி பிறகு என்பது பாடநூல் வரிசை. இங்கே அந்த வரிசையும் பலருக்குப் பொருந்தவில்லை.

ஆன்டிபாடி வந்து சேரும் வரையிலான இந்த இடைவெளிதான் ஆபத்தானது. அதற்குள் வைரஸ் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடலாம். நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் லேசாக வந்துபோனவர்களைவிட அதிக ஆன்டிபாடி இருந்தது பலரைக் குழப்பியது. வைரஸ் அதிகமாகவும் நீண்ட நாளும் பெருகினால், அதைப் பார்த்துச் சுரக்கும் ஆன்டிபாடியும் கூடுகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். அளவை மட்டும் பார்த்து ‘நல்ல எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்வது தவறு.

அப்படியானால் அந்த இடைவெளியில் வெளியிலிருந்து ஆன்டிபாடி கொடுத்தால்? பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், குணமானவர்களின் பிளாஸ்மா 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஏற்றப்பட்டவர், ஏற்றப்படாதவர் இரு தரப்பிலும் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 24 சதவீதம். அதே ஆய்வில், ஆய்வகத்தில் தயாரித்த இரு ஆன்டிபாடிகளின் கலவை வேறு கதை சொன்னது. ஆய்வில் சேர்க்கப்பட்டபோது சொந்த ஆன்டிபாடி இல்லாதவர்களிடம் இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஏற்கெனவே சுரந்திருந்தவர்களுக்குப் பயனில்லை. கொரோனா ஆய்வுகளில் என்னை மிகவும் நெகிழ வைத்த முடிவு இதுதான்: யாருக்கு மருந்து தேவை என்பதை அந்த நோயாளியின் ரத்தமே சொன்னது.

ஆன்டிபாடி எதிரியாகவும் மாறும். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், உயிராபத்தான நிலைக்குப் போன 987 பேரில் 101 பேரிடம், வைரஸை முதலில் தடுக்கும் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள்.

மற்ற மருந்துகளுக்கும் நோயின் கட்டம் முக்கியம். ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன்கூட, ஆக்சிஜன் தேவைப்படும் கட்டத்தில்தான் உயிர் காத்தது. அதற்கு முன் கொடுத்துப் பலனில்லை. எனவே மருத்துவமனைக்குப் போகும்போது காய்ச்சலோ இருமலோ தொடங்கிய தேதியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அவர் கணிக்க அந்தத் தேதி வேண்டும்.